பெர்லின் கிழக்குப் பக்கம் சைக்கிள் டூர்: 67 வயசு அப்பாவ கூட்டிட்டு போலாமா?

பீளமேட்டுக்காரன்:

வணக்கங்க எல்லாருக்கும். நான் ம்யூனிக்ல இருக்கேன், ரெண்டு வருஷமாச்சு. வர்ற ஜூன்ல அப்பா அம்மா கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க, ஃப்ளைட் ஏறுறதே ரெண்டு பேருக்கும் முதல் தடவ. அம்மாவ பத்தி கவலை இல்லைங்க, பனிமலை ஒண்ணு, அரண்மனை ஒண்ணு, நாலு கடை காட்டுனா போதும். அப்பா தான் இப்பவே ஃபோன்ல ஆரம்பிச்சுட்டாரு. அவரு 31 வருஷம் ஸ்பின்னிங் மில்லுல இருந்தவரு, யூனியன் ஆளு, ஜனவரி 8 சின்னியம்பாளையம் தியாகிகள் நாளுன்னா இன்னைக்கும் காலங்காத்தால குளிச்சு சட்டை மாட்டிட்டு கெளம்பிருவாரு. எங்க வீட்டு பரண்ல மாஸ்கோவுல அச்சடிச்ச தமிழ் புத்தகம் ஒரு ட்ரங்குப் பொட்டி நெறைய கெடக்கு, அந்த வாசனை தெரிஞ்சவங்களுக்கு தெரியும். அவரு கேக்கறது ஒண்ணே ஒண்ணுங்க, "பெர்லின்ல தொழிலாளிக்குன்னு அரண்மனை மாதிரி வீடா கட்டி ஒரு ரோடே போட்டாங்களாமே, அது இருக்குதா, இடிச்சுப் போட்டாங்களா?"

தேடிப் பாத்ததுல அது கார்ல் மார்க்ஸ் அல்லேன்னு தெரியுது, அந்த ஏரியா, அதுக்கப்பறம் கட்டுன அடுக்குமாடி ஏரியா எல்லாத்தையும் கைடோட சைக்கிள்ல சுத்திக் காட்ற டூர் இருக்கு, நாலு மணி நேரம், ஒரு பதினஞ்சு கிலோமீட்டர்ங்கறாங்க. நடந்து போனா அப்பாவுக்கு முட்டி வலி, ஆனா சைக்கிள்ல இன்னைக்கும் மார்க்கெட் போய்ட்டு வர்ற ஆளு. சந்தேகம் என்னன்னா, ஒண்ணு, வலது பக்கம் ஓட்டி பழக்கமே இல்லாத ஆளு அந்த ஊர் ட்ராஃபிக்ல சமாளிப்பாரா, இன்னொண்ணு, நெசமாவே அங்க பாக்க ஏதாச்சும் இருக்கா இல்ல வெறும் கான்கிரீட் பொட்டியா, அப்பறம் முக்கியமா கைடு முழுக்க கிண்டலாவே பேசுவாங்களோன்னு பயமா இருக்கு. அப்பா மூஞ்சி சுருங்கிருச்சுன்னா அப்பறம் அந்த ட்ரிப்பே போச்சுங்க. போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

கான்கிரீட்_அலர்ஜி:

ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, நாப்பது யூரோ குடுத்து ஹவுசிங் போர்டு பாக்கணுமா? நம்ம ஊர்ல ஃப்ரீயாவே பாக்கலாம், கே.கே. நகர் வந்தா நானே சைக்கிள்ல கூட்டிட்டு போய் காட்றேன், டீயும் வாங்கித் தரேன். அப்பறம் சீரியஸா ஒண்ணு. அந்தக் கிழக்கு ஜெர்மனில 1989ல ஸ்டாசிங்கற ரகசிய போலீஸுக்கு முழுநேர ஸ்டாஃப் மட்டும் 91,000 பேர், அது போக ரகசியமா தகவல் குடுத்தவங்க ஒன்றரை லட்சத்துக்கு மேல, மொத்த ஜனத்தொகையே ஒன்றரை கோடி சொச்சம். பக்கத்து வீட்டுக்காரன் உங்கள பத்தி எழுதிக் குடுத்துட்டு இருந்த பில்டிங்க "ஆஹா என்ன டிசைன்"னு ஃபோட்டோ எடுக்கறது எனக்கு ஒத்து வராது. அப்பாவ மியூசியம் தீவுக்கு கூட்டிட்டு போங்க.

டிராம்_தண்டவாளம்:

@பீளமேட்டுக்காரன் நான் பெர்லின்ல ஆறு வருஷமா இருக்கேன், ஃப்ரீட்ரிஷ்ஷைன் பக்கம். அந்த டூர் மூணு தடவ போயிருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் என் தலைல தான் கட்டுவாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அப்பா கேட்டதுக்கு பதில், இருக்கு, இடிக்கல, இடிக்கவும் முடியாது, பாதுகாக்கப்பட்ட சின்னம். 1949 டிசம்பர்ல ஸ்டாலினோட 70வது பிறந்தநாளுக்கு அந்த ரோட்டுக்கு ஸ்டாலின் அல்லேன்னு பேர் வச்சாங்க, கட்டட வேலை 52ல இருந்து மும்முரமா நடந்துச்சு. ரோட்டோட அகலம் கிட்டத்தட்ட 90 மீட்டர். இது கேக்கும்போது ஒண்ணும் தோணாது, அங்க போய் ஒரு பக்கத்துல இருந்து எதிர்ப்பக்கம் கடை போர்டு படிக்க ட்ரை பண்ணுங்க, அப்ப புரியும். இதனால தான் சைக்கிள் சரின்றேன். நடந்தா ஒரே பில்டிங் தாண்டவே அஞ்சு நிமிஷம் ஆகும், சலிச்சுடும், பஸ்ல போனா ஒண்ணுமே பதியாது. சைக்கிள்ல போகும்போது தூண், வளைவு, பால்கனி, செவுத்துல ஒட்டின டைல்ஸ் எல்லாம் ஒரு ஓட்டத்துல வரும், வேணும்னா ஒரு கால ஊனி நின்னு பாத்துக்கலாம்.

அந்த டைல்ஸ் பத்தி ஒரு கத. பீங்கான் ஓடு பதிச்ச செவுரு, அப்ப பாக்க பளபளன்னு இருந்திருக்கும், எண்பதுகள்ல ஓடு ஒவ்வொண்ணா உதிர ஆரம்பிச்சு நடக்கறவங்க தலைல விழாம இருக்க நடைபாதைக்கு மேல பலகை கூரை போட்டாங்களாம். அப்பறம் தொண்ணூறுகள்ல ரிப்பேர் பண்ணி இப்ப நல்லா இருக்கு. கிட்ட போய் பாத்தா புது ஓடு எது பழைய ஓடு எதுன்னு கலர்லயே தெரியும், பழசு கொஞ்சம் வெண்ணெய் கலர்ல இருக்கும்.

கைடு கண்டிப்பா காட்டற ஒரு ஜோடி பில்டிங் இருக்கு, அத மிஸ் பண்ணிடாதீங்க. அரண்மனை ஸ்டைல் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி, 49-50ல, லுட்மில்லா ஹெர்ஸன்ஸ்டைன்னு ஒரு லேடி ஆர்க்கிடெக்ட் சிம்பிளா, வெளி வராண்டா வச்சு ரெண்டு பில்டிங் கட்டினாங்க. நம்ம லைன் வீடு மாதிரி நீள வராண்டா, அதுல இருந்து வீட்டுக்கு உள்ள போற மாதிரி. அதுக்குள்ள மேலிடத்துல ரசனை மாறிப்போச்சு, இதெல்லாம் மேற்கத்திய ஃபேஷன், தொழிலாளிக்கு இது அழகில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. கட்டினத இடிக்க முடியல, அதனால முன்னாடி சீக்கிரமா வளர்ற பாப்லர் மரமா நட்டு மறைச்சுட்டாங்க. மரம் வச்சு பில்டிங்க மறைச்ச கதை எனக்கு தெரிஞ்சு இது ஒண்ணு தான்.

அப்பறம் ஸ்டாலின் சிலை. 1961 நவம்பர்ல ஒரு ராத்திரியோட ராத்திரியா சிலைய தூக்கிட்டு, ரோட்டு பேரையும் மாத்திட்டாங்க, காலைல எழுந்து பாத்தா உங்க வீட்டு அட்ரஸ் வேற. சிலைய உடைச்ச ஆள் ஒருத்தர் காதும் மீசைத் துண்டும் எடுத்து ஒளிச்சு வச்சிருந்தாரு, அது அங்க கஃபே சிபில்லேன்னு ஒரு பழைய காபி கடைல கண்ணாடிப் பொட்டில பாத்தேன்.

@கான்கிரீட்_அலர்ஜி நீங்க சொன்ன ஸ்டாசி நம்பர்ல எனக்கு தகராறு இல்ல. ஆனா ஒரு விஷயம், நான் போன எந்த டூர்லயும் அத மறைக்கல. ஸ்டாசி தலைமை ஆபீஸே அதே ரூட்ல தான் இருக்கு, மாக்டலேனென்ஸ்ட்ராஸே ஸ்டேஷன் பக்கத்துல, 1990 ஜனவரி 15 ஜனங்க உள்ள புகுந்தாங்களே அதே பில்டிங், இப்ப மியூசியம். ஸ்டாசிக்கு மந்திரியா இருந்த மீல்கேவோட ரூம் டெலிஃபோனோட அப்படியே இருக்கு. மியூசியம் தீவு எங்கயும் ஓடிப் போகாது, ப்ரோ.

ஓட்டறத பத்தி: ரோடு முழுக்க சைக்கிளுக்கு தனி பாதை, பெரும்பாலும் செவப்பு இல்ல பச்சை பெயிண்ட். ஊர் தட்டையா இருக்கு, ஏத்தமே கிடையாது. பயப்பட வேண்டியது ரெண்டு தான். ஒண்ணு என் பேர்லயே இருக்கு, டிராம் தண்டவாளம். அத நேரா குறுக்க வெட்டித் தாண்டணும், சாஞ்ச மாதிரி போனா டயர் பள்ளத்துல மாட்டி ஆள் கீழ. நான் விழுந்திருக்கேன், முழங்கை தழும்பு இன்னும் இருக்கு. ரெண்டாவது ப்ரேக். வாடகை சைக்கிள் நெறையதுல பின் ப்ரேக் கைல இருக்காது, பெடல பின்னால மிதிச்சா தான் புடிக்கும். நம்ம ஊர் ஆளுங்க சிக்னல்ல நிக்கும்போது பழக்க தோஷத்துல பெடல பின்னால சுத்தி மேல கொண்டு வருவோம்ல, அப்படி பண்ணா சடக்குனு நின்னுடும். அப்பாவ கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு பார்க்ல பத்து நிமிஷம் ஓட்ட விடுங்க.

ஸ்பிரே_ஆத்தங்கரை:

வணக்கம். நான் இஞ்ச பெர்லினில 22 வருசமா இருக்கிறன், யாழ்ப்பாணத்தாள். உங்கட அப்பாவுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கோ.

என்ர பெரிய மாமா 84ல இந்த நகரத்துக்கு வந்தவர், கிழக்கால. அப்ப எங்கட சனம் கனபேர் அப்பிடித்தான் வந்தவை. கொழும்பில ஏறி மொஸ்கோ, அங்க இருந்து கிழக்கு பெர்லின் ஷோனபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜெர்மன்காரர் ட்ரான்ஸிட் விசா குடுத்து விடுவினம், பிறகு ரயில்ல ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸே ஸ்டேஷன், அங்கால போனால் மேற்கு. மேற்குப் பக்கம் பாஸ்போட் பாக்க ஒருத்தரும் நிக்கேல்ல, ஏனெண்டால் அங்க நிண்டு பாத்தால் அது ஒரு நாட்டு எல்லை எண்டு அவையே ஒப்புக்கொண்ட மாதிரிப் போயிடும். அந்த ஓட்டைக்குள்ளால தான் ஆயிரக்கணக்கில தமிழ்ச் சனம் வந்து இறங்கினது. மேற்கு ஜெர்மனி கத்தி, பேச்சுவார்த்தை வைச்சு, 85ல தமிழருக்கு அந்த வழியை அடைச்சுப் போட்டினம்.

மாமாவுக்கு கிழக்கு பெர்லின் எண்டால் ரயில் யன்னலுக்கால பாத்த ஒரு மணித்தியாலம் தான். "பின்னேரம், எல்லாக் கட்டடத்திலயும் ஒரே அளவு யன்னல், ஒரே நிற வெளிச்சம், உள்ள ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தினம், எனக்கு பசி" எண்டு சொல்லுவார். நான் ஏழெட்டு வருசத்துக்கு முன்னம் அவரை சைக்கிளில மார்ட்சான் எண்ட கிழக்கு பெர்லின் அடுக்குமாடிப் பகுதிக்கு கூட்டிக்கொண்டு போனனான். அவர் ஒரு பதினொரு மாடிக் கட்டடத்துக்கு முன்னால நிண்டு மாடியை எண்ணினார். பிறகு "இவ்வளவு கிட்ட இருந்திருக்கு" எண்டார், வேற ஒண்டும் சொல்லேல்ல.

சைக்கிள் ரூட் எண்டால் லிஃக்டன்பேர்க்கில டொங் சுவான் சென்டரையும் சேருங்கோ. வியட்நாம் ஆக்களின்ர பெரிய சந்தை, 2005ல துவங்கினது, அதுக்கு முன்னம் அந்த இடம் அரசாங்க கார்பன் ஃபக்டரி. வியட்நாமில இருந்து ஒப்பந்தத்தில வேலைக்கு வந்தவை, 1980ல அந்த ஒப்பந்தம், 89ல கிட்டத்தட்ட 60,000 பேர் இருந்தவை. ஹொஸ்டலில ஒரு ஆளுக்கு 5 சதுர மீட்டர் தான் கணக்கு. பிள்ளை தரிச்சால் கலை, இல்லாட்டி திரும்பிப் போ எண்டது சட்டம். சம்பளத்தில மிச்சம் பிடிச்சு தையல் மெஷின், மொப்பெட், சைக்கிள் எல்லாம் மரப்பெட்டியில அடைச்சு ஊருக்கு அனுப்புவினமாம். சர்வதேச தோழமை எண்டு சுவரில சித்திரம் கீறி வைச்ச அதே நாடு தான் இது, இதையும் உங்கட அப்பா கேக்கத்தான் வேணும். அம்மாவுக்கு அங்க கறிவேப்பிலை, முருங்கைக்காய், பாவக்காய் எல்லாம் வாங்கலாம்.

பீளமேட்டுக்காரன்:

அக்கா, உங்க மாமா கதைய அப்பாகிட்ட ஃபோன்ல படிச்சுக் காட்டுனேன், ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல, அப்பறம் "அந்த மாமா இப்ப சௌக்கியமா?"ன்னாரு. நன்றிங்க.

@டிராம்_தண்டவாளம் அண்ணா, டூர் புக் பண்ணிட்டேன். இன்னொரு சந்தேகம், அடுக்குமாடி ஏரியா, மார்ட்சான், ஹெல்லர்ஸ்டார்ஃப் இதெல்லாம் டூர்ல முழுசா வரல, பாதியோட திரும்பிடறாங்க. அத தனியா பாக்கணும்னா எப்படி? வீட்டுக்குள்ள போய் பாக்க முடியுமா? அப்பாவுக்கு வெளிய நின்னு பாத்தா திருப்தி ஆகாது, சமையக்கட்டு எவ்ளோ பெருசுன்னு பாக்கணும்.

டிராம்_தண்டவாளம்:

ஹாஹா சமையக்கட்டு கேக்கற அப்பாவ எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. இருக்கு. ஹெல்லர்ஸ்டார்ஃப்ல ஒரு வீட்ட அப்படியே 80கள்ல இருந்த மாதிரி வச்சிருக்காங்க, சோஃபா, டிவி, மிக்ஸி, வால்பேப்பர் எல்லாம் அந்த காலத்து ஐட்டம். 61 சதுர மீட்டர், மூணு ரூம், அப்ப மாச வாடகை 109 மார்க். நான் போனப்ப ஞாயித்துக்கிழமை மதியம் மட்டும் ரெண்டு மணி நேரம் தான் தொறந்தாங்க, போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்க. யு5 ட்ரெயின்ல காட்புஸர் ப்ளாட்ஸ் ஸ்டேஷன்ல எறங்கினா கிட்ட. சைக்கிள ட்ரெயின்ல ஏத்தலாம், ஆனா சைக்கிளுக்கு தனி டிக்கெட் எடுக்கணும், அத மறந்து நெறைய பேர் ஃபைன் கட்டியிருக்காங்க.

அந்த பில்டிங் மாடலுக்கு டபிள்யூபிஎஸ் 70ன்னு பேரு. ஃபேக்டரில செவுரு, தரை எல்லாம் தனித்தனி ப்ளேட்டா வார்த்து லாரில கொண்டு வந்து கிரேன்ல தூக்கி கோத்துடுவாங்க, ஒரு ப்ளேட் அதிகபட்சம் 6.3 டன். நாடு முழுக்க இந்த ஒரு மாடல்ல மட்டும் ஆறு லட்சம் வீட்டுக்கு மேல. எந்த ஊருக்கு மாறிப் போனாலும் லைட் சுவிட்ச் எங்க இருக்கும்னு இருட்டுல கண்டுபுடிச்சுடலாம்னு ஒரு கைடு சொன்னாங்க.

ஏன் இவ்ளோ அவசரம்னா, 1973ல ஹோனெக்கர் ஆட்சில 1990க்குள்ள வீட்டுப் பிரச்சனையே தீத்துடறோம்னு ப்ளான் போட்டாங்க. அது வரைக்கும் ஊருக்குள்ள பழைய வீடுன்னா கரி அடுப்பு போட்டு குளிர் காயணும், கக்கூஸ் மாடிப்படில பொதுவா இருக்கும், கரிய கீழ் அறைல இருந்து பக்கெட்ல நாலு மாடி தூக்கணும். அத விட்டுட்டு மார்ட்சான்ல பைப்ப தொறந்தா வெந்நீர், தானா வர்ற ஹீட்டிங், தனி பாத்ரூம். சேறும் சகதியுமா ரோடு கூட போடாத ஏரியாவுக்கு ஜனங்க சந்தோஷமா போனது அதனால தான். ஹீட்டிங்க குறைக்க திருகு மட்டும் இருக்காது, சூடு ஜாஸ்தியானா குளிர்காலத்துல ஜன்னல தொறந்து வச்சுப்பாங்க. கரண்ட் பில் கட்றவங்க படிச்சா நெஞ்சு வலிக்கும்.

மார்ட்சான்ல ரெண்டு இடம் சொல்றேன். ஒண்ணு பழைய மார்ட்சான் கிராமம், நட்ட நடுவுல சர்ச்சு, கருங்கல் ரோடு, காத்தாலை எல்லாம் இருக்கும், சுத்தி நாலு பக்கமும் பதினெட்டு மாடி இருபது மாடி எட்டிப் பாக்கும். இன்னொண்ணு ஆரன்ஸ்ஃபெல்டே கிட்ட, 2000க்கு அப்பறம் ஆள் குறைஞ்சு வீடெல்லாம் காலியா கிடந்தப்ப, பதினொரு மாடி பில்டிங்க மேல இருந்து ப்ளேட் ப்ளேட்டா கழட்டி மூணு மாடி, ஆறு மாடின்னு படிக்கட்டு மாதிரி ஆக்கிட்டாங்க, ஓரமெல்லாம் மொட்டை மாடி. கோத்த மாதிரியே அவுத்தும் எடுக்கலாம்னு அங்க தான் பாத்தேன். அங்க இருந்து வூலே ஆத்து ஓரமா சைக்கிள் பாதை இருக்கு, காரே வராது, அப்பாவுக்கு சரியா இருக்கும்.

ஒரு கொசுறு. இப்ப பெர்லின்ல வீடு கிடைக்கறது குதிரைக் கொம்பு. 90கள்ல வித்த கார்ல் மார்க்ஸ் அல்லே வீடுகள ஒரு பெரிய கம்பெனி வாங்கப் பாத்தப்ப குடியிருக்கவங்க பால்கனி பால்கனியா பேனர் தொங்க விட்டு போராடினாங்க, 2019ல நகரத்தோட வீட்டு வாரியமே அறுநூத்தி சொச்சம் வீட்ட திரும்ப வாங்கிடுச்சு. அரசாங்கம் கட்டி, வித்து, காசு குடுத்து திரும்ப வாங்கின வீடு. இத அப்பாகிட்ட சொல்லுங்க.

விஸ்துலா_வெயில்:

பெர்லினோட நிறுத்தாதீங்க, நேரம் இருந்தா போலந்து க்ராக்கோவ் வாங்க, நோவா ஹூட்டா. 1949ல வெறும் வயக்காட்டுல ஆரம்பிச்ச ஊரு, இரும்பாலைக்காக. ஆலைக்கு லெனின் பேரு. சர்ச்சே இல்லாத ஊரா கட்டணும்னு ப்ளான், 1960ல ஜனங்க ஒரு சிலுவைக்காக போலீஸோட சண்டை போட்டு, கடைசில 1977ல சர்ச்சு கட்டி முடிச்சாங்க, தொறந்து வச்சவர் அடுத்த வருஷம் போப் ஆனவர். எண்பதுகள்ல அந்த இரும்பாலைத் தொழிலாளிங்களே அரசாங்கத்த எதிர்த்த சாலிடாரிட்டி யூனியன் பக்கம். யூனியன்கார அப்பாவுக்கு இது தான் முழு சாப்பாடு. இங்கயும் சைக்கிள் டூர் இருக்கு, பழைய டவுன்ல இருந்து ஒரு பத்து கிலோமீட்டர், பாதை நல்லா இருக்கு.

பீளமேட்டுக்காரன்:

போயிட்டு வந்துட்டோங்க. ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க, அவங்கள நேத்து தான் ஊருக்கு ஏத்தி விட்டேன், வீடு காலியா கெடக்கு, சரி எழுதிருவோம்னு உக்காந்தேன்.

முதல்ல ப்ரேக். அண்ணன் சொன்ன மாதிரி பார்க்ல பத்து நிமிஷம் ஓட்ட விட்டேன், ஜோரா ஓட்டுனாரு, "இதென்றா பெரிய வித்தை"ன்னாரு. டூர் ஆரம்பிச்சு முதல் சிக்னல்லயே பெடல பின்னால சுத்துனாரு, சைக்கிள் சடக்குனு நின்னுச்சு, அவரு சீட்ட விட்டு முன்னால எறங்கி பார் மேல நின்னாரு. "குரங்கு பெடல் போட்ட காலத்துல கூட நான் இப்படி மானங்கெட்டதில்ல"ன்னு ஒரே பொலம்பல். கைடு ஒரு அம்மா, அம்பத்தி அஞ்சு வயசிருக்கும், சின்ன வயசுல மார்ட்சானுக்கு குடி வந்தவங்களாம். அவங்க ஓட்டுனது அந்தக் காலத்து டயமண்ட் சைக்கிள், கார்ல் மார்க்ஸ் ஸ்டாட்னு பேர் மாத்தி வச்சிருந்த ஊர்ல செஞ்சது. அப்பா டூர் கதைய விட்டுட்டு பத்து நிமிஷம் அந்த சைக்கிளையே சுத்தி வந்தாரு, செயின் கவர தட்டிப் பாத்தாரு. அதுக்கப்பறம் அந்தம்மாவும் அவரும் ஃப்ரெண்ட்ஸ், நான் வெறும் ட்ரான்ஸ்லேட்டர்.

கிண்டல் பண்ணலைங்க. ஆனா எதையும் விடவும் இல்ல. வெபர்வீஸேன்னு ஒரு இடம், வெபர்னா நெசவாளி, வீஸேன்னா புல்வெளி, இத சொன்னதுமே அப்பா நிமிந்துட்டாரு. அங்க 1952ல கட்டுன முதல் உயரமான வீட்டுக் கட்டடம், ஹென்ஸல்மான்னு ஒருத்தரு டிசைன் பண்ணது, 35 மீட்டர் தான், லிஃப்ட்டு, ஹீட்டிங் எல்லாம் வச்சு. இடிஞ்ச வீட்டு செங்கல்ல ஒண்ணொண்ணா சுண்ணாம்பு சொரண்டி எடுத்து தான் இந்த ஏரியாவே எந்திரிச்சுதாம், ஜனங்க வேலை முடிஞ்சு வந்து சும்மா ஷிப்ட்டு போட்டாங்களாம், இத்தன ஷிப்ட்டுன்னா வீட்டுக்கு ஒரு குலுக்கல் சீட்டு. அப்பா அந்த செவுத்து டைல்ஸ்ல கைய வச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. எனக்கு பின்னால ரெண்டு பொண்ணுங்க சைக்கிள் பெல் அடிச்சுட்டே இருக்காங்க, நாங்க நின்னது சைக்கிள் பாதைல.

அதுக்கப்பறம் தான் விஷயம். கொஞ்ச தூரம் போய் அந்தம்மா நிறுத்தி, 1953 ஜூன் 16 இதே ரோட்டுல கட்டட வேலை செஞ்ச ஆளுங்க தான் கருவிய கீழ போட்டுட்டு கெளம்புனாங்கன்னு சொன்னாங்க. அடுத்த நாள் நாடு பூரா ஸ்ட்ரைக்கு, சோவியத் டாங்க்கி வந்துச்சு, குறைஞ்சது 55 பேர் செத்ததா கணக்கு இருக்குன்னாங்க. காரணம் என்னன்னு அப்பா கேட்டாரு. அந்தம்மா "நார்ம்"னாங்க. அதே கூலிக்கு 10 சதவீதம் வேலைய ஏத்துனாங்க, ஜூன் 30 கட்சித் தலைவர் உல்பிரிஷ்டோட 60வது பொறந்தநாளுக்குள்ள எல்லாரும் ஏத்துக்கணும்னு. நான் நார்ம்னா தமிழ்ல எப்படி சொல்றதுன்னு முழிச்சேன். அப்பா எனக்கு முன்னாடி, "ஒர்க்லோடா?"ன்னாரு.

மில்லு ஊர்ல பொறந்தவங்களுக்கு இந்த வார்த்தை என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. ஒரு ஆளுக்கு இத்தன ஸ்பிண்டில்னு இருக்கறத ஏத்தறது. எங்க வீட்டுல நான் சின்னப் பையனா இருந்தப்ப ரெண்டு மாசம் சம்பளம் வராம இருந்தது அதுக்கு தான். அப்பா அப்பறம் ரெண்டு கிலோமீட்டர் பேசாமயே ஓட்டுனாரு. ஃப்ராங்க்ஃபர்ட்டர் டோர் ரெட்டை கோபுரத்துக்கிட்ட தண்ணி குடிக்க நிறுத்தினப்ப, "அவங்க சர்க்காரு தானே, யூனியன் என்ன பண்ணுச்சு?"ன்னு அந்தம்மாகிட்ட கேக்க சொன்னாரு. யூனியன் பேப்பர்லயே நார்ம் ஏத்தனது சரின்னு எழுதினாங்கன்னு அவங்க சொன்னாங்க. அத நான் ட்ரான்ஸ்லேட் பண்ணேன். அவரு தலைய ஆட்டிட்டு, "அப்ப நிறுத்தத்தான் செய்வான்"னாரு. @கான்கிரீட்_அலர்ஜி ஸ்டாசி மியூசியமும் போனோங்க, அங்க உள்ளூர்க்காரங்க அளவுக்கு அப்பாவுக்கு தாக்கல. அவர அடிச்சது அந்த 10 சதவீதம் தான்.

அடுத்த நாள் அவரே கேட்டு, அந்த ஆளுங்க நடந்து போய் சேந்த இடத்துக்கு, லைப்ஸிகர் ஸ்ட்ராஸே, அப்ப மந்திரிகள் மாளிகை இப்ப நிதி அமைச்சகம், நாங்க ரெண்டு பேருமா சைக்கிள்ல போனோம். அங்க வராண்டா செவுத்துல மைஸன் பீங்கான் ஓட்டுல நீளமா ஒரு சித்திரம், எல்லா தொழிலாளியும் சிரிச்சுட்டு கொடி புடிச்சுட்டு நடக்கறாங்க. மாக்ஸ் லிங்னர்னு ஓவியர், பல தடவ திருத்த வச்சாங்களாம். அதுக்கு முன்னால தரைல பள்ளமா, அதே நீளத்துல, கண்ணாடிக்கு அடியில 53ல நெசமா நடந்து வந்தவங்களோட ஃபோட்டோ, புள்ளி புள்ளியா. அப்பா செவுத்துப் படத்த ஒரு தடவ பாத்தாரு, அப்பறம் குனிஞ்சு, முட்டி வலின்னு சொல்ற மனுஷன், குத்த வச்சு உக்காந்து கீழ இருக்கற ஃபோட்டோவ ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் பாத்தாரு. "ஒருத்தனும் சிரிக்கலடா"ன்னாரு.

ஹெல்லர்ஸ்டார்ஃப் வீடும் பாத்தோம், ஞாயித்துக்கிழமை, கூட அம்மாவும் வந்தாங்க. சமையக்கட்ட அப்பா ஜாணு போட்டு அளந்தாரு. அம்மா பாத்துட்டு, "நம்ம குவார்ட்டர்ஸ விட பெருசு தான், ஆனா பாத்திரம் கழுவுனா தண்ணி கால்ல தெறிக்கும்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. 109 மார்க்குன்னா சம்பளத்துல எவ்ளோன்னு அப்பா கேட்டாரு, அங்க இருந்த பெரியவர், எங்களுக்கு அப்ப வாடகை ஒரு கவலையே இல்ல, கார் வாங்கத்தான் பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்தோம்னு சிரிச்சாரு. வியட்நாம் மார்க்கெட்ல அம்மா கறிவேப்பிலைய பாத்து கட்டிப் புடிக்காத குறை, ரெண்டு கட்டு வாங்கி ம்யூனிக் வரைக்கும் மடில வச்சுட்டு வந்தாங்க. அக்கா, உங்களுக்கு அம்மா ஸ்பெஷலா நன்றி சொல்லச் சொன்னாங்க.

நோவா ஹூட்டா இந்த தடவ முடியலைங்க, லீவு இல்ல. அடுத்த வருஷம்னு அப்பா இப்பவே நோட்டுல எழுதிட்டாரு.

கடைசியா ஒரு உதவி. அந்த பின்னால மிதிச்சா புடிக்கற ப்ரேக்க ஊர்ல அவரோட சைக்கிள்ல மாட்ட முடியுமான்னு காலைல ஃபோன் பண்ணி கேக்கறாரு. யாருக்காச்சும் தெரியுமா?

டிராம்_தண்டவாளம்:

முடியும், ஆனா ப்ரேக் தனியா வராது, பின் ஹப்பையே மாத்தணும், ஸ்போக்கு எல்லாம் அவுத்து திரும்ப கோக்கணும். இங்க கிடைக்கற ஹப்புல பெரும்பாலும் 36 ஓட்டை, நம்ம ஊர் பெரிய சைக்கிள் பின் ரிம்முல 40 இருக்கும். அப்பாவ முதல்ல எண்ணிப் பாக்க சொல்லுங்க.